சல்லடையில் நிற்காத காய்

எங்கள் நாட்டு மருந்துக் கடையில் ஏலக்காய்க்கு இரண்டு டப்பா. ஒன்று கண்ணாடி. வாசலில் நிற்பவர் கண்ணில் படும்படி முன்வரிசையில் இருக்கும். பச்சைப் பசேலென்று உருண்டுதிரண்ட காய். இன்னொன்று பழைய பிஸ்கட் தகரம். கல்லாவுக்குப் பின்னால், அதிமதுரத்துக்கும் சித்தரத்தைக்கும் நடுவே கிடக்கும். அதில் இருப்பது வெளுத்தது, பழுப்பேறியது, வாய் பிளந்தது, பொடிக்காய். பாயசத்துக்கு என்று கேட்டால் அப்பா கண்ணாடி டப்பாவைத் திறப்பார். மருந்துக்கு என்றால் தகரம்.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இது ஒப்பவே ஒப்பாது. "என்னண்ணே, கழிசலை அள்ளிப் போடுறீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். அப்பா பதில் சொல்லமாட்டார். ஒரு காயைப் பிளந்து, அவர்கள் உள்ளங்கையில் மணியைத் தட்டி, "தோலையா திங்கப்போற?" என்பார்.

அந்தச் சண்டை எங்கள் ஊருக்கே உரியது. வெளியூரில் ஏலக்காய் என்றால் வாசனை. போடியில் ஏலக்காய் என்றால் நிறமும் பருமனும். இங்கே பிறந்தவனுக்குக் காயைத் தோல் பார்த்து எடைபோடுவது கூடப்பிறந்த புத்தி. என் அப்பத்தா இருபத்தைந்து வருஷம் ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கினாள். பெண்கள் காலை நீட்டி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் சுளகு. மலையிலிருந்து வந்த மூட்டையை முதலில் சல்லடையில் சலித்து, எட்டு எம்எம், ஏழு, ஆறு என்று பருமன் பிரித்துவிடுவார்கள். அப்புறம் கைவேலை. பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், சொறி விழுந்தது ஒரு பக்கம். அப்பத்தாவின் விரல் காயைத் தொடுகிற நேரம் கண் சிமிட்டுகிற நேரத்தைவிடக் குறைவு. அதற்குள் அது எந்தக் குவியலுக்கு என்று முடிவாகியிருக்கும். எனக்குச் சளி பிடித்த நாளில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டாள். கிட்டங்கிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைப்பாள். அரைமணி நேரத்தில் மூக்கு திறந்துகொள்ளும். எனக்குத் தெரிந்து ஊரிலேயே செலவில்லாத வைத்தியம் அதுதான்.

வெடித்த குவியலும் சல்லடையில் நிற்காத பொடியும் மலிவு விலைக்குப் போகும். அதில் ஒரு பங்கு எங்கள் தகர டப்பாவுக்கு வரும்.

வியாபாரத்தில் தரத்துக்கு மூன்று நான்கு எழுத்துப் பெயர்கள் உண்டு: ஏஜிஇபி, ஏஜிபி, ஏஜிஎஸ். போடியில் மிட்டாய்க்கடைப் பையன்கூட இதைச் சொல்வான். அந்த முதல் 'ஏ' என்ன என்று கேட்டால் முழிப்பான். ஆலப்புழை. மலைமேல் விளைந்து, மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் விலைபோகிற காய்க்கு, அந்தப் பக்கம் கடலோரத்தில் இருக்கிற ஆலப்புழை எப்படிப் பெயர் கொடுத்தது?

திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது. அப்போதெல்லாம் ஏலக்காய் மலையில் யார் விளைவித்தாலும் காய் சர்க்காருக்கே. மொத்தமும் மலையிறங்கி ஆலப்புழைக் கிட்டங்கிக்குப் போய், அங்கே ஏலம் விடப்படும். விளைவித்தவனுக்கு அரசு தருகிற பங்குதான். அந்த விளைவித்தவர்களில் பலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் எங்கள் பக்கத்திலிருந்தும் ஏறிப்போன தமிழர்கள். வீடு இந்தப் பக்கம், தோட்டம் மேலே, கிட்டங்கி அந்தப் பக்கம் என்றால் என்ன நடக்கும்? இருட்டில் மூட்டை இந்தப் பக்கமாக இறங்கும். அதைத் தடுக்கக் காவலும் சௌக்கியும் போட்டார்கள். 1869-இல் ஏலமலைக்கென்று தனி அதிகாரியையே நியமித்தார்கள். 1877-இல் பூஞ்சாற்று ராஜாவிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கிய ஜான் டேனியல் மன்றோ, அந்த ஏலமலை அதிகாரி நாற்காலியில் இருந்தவர். மூணாறு தேயிலையின் கதைகூட எங்கள் ஏலக்காயின் காவல் கதையிலிருந்துதான் கிளை பிரிகிறது.

1896-இல் ஏகபோகம் போய் நிலவரி வந்தது. மறுவருஷம் ஏலமலைக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது: மரம் அரசுக்கு, அதன் நிழலில் ஏலம் சாகுபடிக்காரனுக்கு என்கிற ஏற்பாடு. காய் யாருக்கும் விற்கலாம் என்றான பிறகு அது பள்ளத்தைப் பார்த்து ஓடும் தண்ணீர்போல எங்கள் ஊருக்கு இறங்கியது. 1928-இல் மதுரையிலிருந்து ரயில் வந்து சேர்ந்ததும் கேட்கவேண்டியதில்லை. 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தோட்டம் அங்கே, வியாபாரமும் வேலையாளும் இங்கே என்பது அப்படியே தொடர்ந்தது. இன்றும் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டு வழியாக வேலைக்குப் போய், இருட்டும் முன் இறங்குகிறார்கள்.

எங்கள் ஊரில் ஏலம் ஏலம் போகிறது என்று சொல்லிச் சிரிப்போம். முன்னது நம் சொல். பின்னது போர்த்துக்கீசியரிடம் வாங்கியது என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். செடிக்குத் தாவரவியல் வைத்த பெயரும் இங்கிருந்து போனதுதான். ஹோர்தூஸ் மலபாரிகுஸ் என்கிற 17-ஆம் நூற்றாண்டு டச்சு மூலிகைப் பெருநூலில் மலையாளக்கரைச் சொல்லான 'ஏலத்தரி' ஏறியது. 1811-இல் மேட்டன் என்ற ஆங்கிலேயர் அதையே எலெட்டாரியா என்று பேரினப் பெயராக்கினார். தரி என்றால் மணி. நம் வைத்தியர்கள் ஏலரிசி என்கிறார்கள். இரண்டு மொழியும் உள்ளே இருப்பதைத்தான் பெயராக வைத்திருக்கின்றன. பச்சை நிறம், பருமன் என்று தோலைப் பெயராக்கியது ஏஜிஇபி ஒன்றுதான்.

முழுக்க அநியாயமாகச் சொல்லக்கூடாது. தரம் பார்க்கும்போது லிட்டர் எடை என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டர் அளவையில் எத்தனை கிராம் காய் நிற்கிறது என்று நிறுப்பது. உயர்ந்த தரத்துக்கு 435 கிராமாவது நிற்கவேண்டும். காய்க்குள் மணி நிறைந்திருக்கிறதா என்று சந்தை கேட்கிற கேள்வி அது ஒன்றே. மற்றதெல்லாம் நிறம், பருமன், உருட்சி. 2007-இல் கணினி ஏலம் வந்தபிறகும் மாதிரித் தட்டைக் கையில் உருட்டிப் பார்ப்பது மாறவில்லை. எப்போதாவது ஒருவர் காயைப் பிளந்து மோந்து பார்ப்பார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா என்னை மலைக்குக் கூட்டிப்போனார். முந்தல் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்ததும் என் கையில் மூன்று ஏலக்காயைத் திணித்தார். "கடிச்சு முழுங்காத. தோலை உரிச்சு மணியை நாக்குக்கு அடியில ஒதுக்கி வையி." போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. புலியூத்து அருவி தெரிகிற வளைவில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிவிட்டார். நான் தப்பினேன். குமட்டலுக்கும் ஏலத்துக்கும் உள்ள பகையை நான் எந்தச் சுவடியிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பூப்பாறைப் பக்கத்தில் ஒரு தோட்டம். ஏலச்செடி ஆளைவிட உயரம். ஆனால் காய் தலையில் இல்லை, காலடியில். தூரிலிருந்து சரம் சரமாகத் தரையோடு ஓடி, அதில் காய்க்கும். பெண்கள் குத்தவைத்தே நகர்ந்து நகர்ந்து எடுத்தார்கள். எல்லாக் காயையும் எடுக்கமாட்டார்கள். கரிங்காய் மட்டும்தான் வேண்டும்: உள்ளே மணி கறுத்திருக்கும், தோல் இன்னும் பச்சையாக இருக்கும். அதற்கு முந்தினது பிஞ்சு, காய்ந்தால் சுருங்கும். பிந்தினது பழம், காய்ந்தால் மஞ்சளாகி வெடிக்கும். ஒரே சரத்தில் மூன்றும் இருக்கும். அதனால்தான் மாதத்துக்கொரு சுற்று அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

அன்று ராத்திரி ஸ்டோரில் படுத்தோம். ஸ்டோர் என்றால் சாமான் வைக்கிற இடம் இல்லை, காய் உலர்த்துகிற வீடு. வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு தகரக் குழாய் வழியாக உள்ளறையில் சுற்றிவரும். அடுக்கடுக்காகத் தட்டுகளில் காய். எடுத்துவந்த பச்சைக்காயைக் கழுவி, நிறம் நிற்பதற்காகச் சலவைச் சோடாத் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டெடுத்துப் பரப்பியிருந்தார்கள். ஒரு ராத்திரியும் மறுபகலும் ஆகும். சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்கவேண்டும். ஏறினால் தோல் வெடிக்கும், இறங்கினால் பச்சை போய்விடும். காவலுக்கு இருந்த தாத்தா கதவைத் திறந்து கையை மட்டும் உள்ளே நீட்டிச் சூடு பார்த்துவிட்டு விறகை இழுத்துவிட்டார். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ ஆகும் என்றார். மறுநாள் சுடச்சுடக் கம்பிவலையில் தேய்த்துக் காம்பும் பூமூக்கும் உதிர்த்தார்கள்.

அப்பா கேட்டது பழக்காய். தோட்டக்காரர் சிரித்தார். "அதை ஏன் காசு குடுத்து வாங்குற? சும்மாவே எடுத்துட்டுப் போ." அப்பா காசு கொடுத்துத்தான் வாங்கினார். சும்மா வாங்கிய சரக்கு மருந்தில் பலிக்காது என்பது அவர் கொள்கை. எனக்கு அது மூடநம்பிக்கையாகத்தான் பட்டது, இன்றும் படுகிறது. நானும் காசு கொடுத்தே வாங்குகிறேன்.

அந்தப் பழக்காய் எதற்கு என்றால், ஏலாதிக்கு.

ஏலாதி என்று பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூல் இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும், கணிமேதாவியார் எழுதியது. பெயர் மருந்தின் பெயர். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு. வாய்ப்பாடு மாதிரி ஏறிக்கொண்டே போகும். பாட்டுக்கு ஆறு கருத்து என்பதால் அந்தப் பெயர் என்று தமிழாசிரியர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கள் வீட்டில் அது தராசில் நின்ற நூல். மொத்தம் இருபத்தொரு பங்கில் ஏலம் ஒன்றே ஒன்று. சுக்கு ஆறு பங்கு இருந்தும் சுக்காதி என்று யாரும் சொல்லவில்லையே என்று அப்பாவிடம் கேட்டேன். "சுக்குதான் வேலை செய்யும். ஆனா ஏலம் இல்லேன்னா எவன் வாயத் திறப்பான்?" என்றார்.

செய்முறையில் அவசரம் கூடாது. காயை இரும்புச் சட்டியில் ஒரு சொட்டு நெய் விட்டு, தோல் மொறுமொறுப்பாகும்வரை இளஞ்சூட்டில் புரட்டுவார். மணி வறுபடக்கூடாது. தோலில் சூடு ஏறியதும் இறக்கி, ஆறவிட்டுப் பிளந்தால் மணி கொத்தாகக் கழன்று வரும். கறுத்து, ஒன்றோடொன்று பிசுக்கென்று ஒட்டியிருந்தால் நல்ல மணி. வெளிறி உதிரியாகக் கொட்டினால் பிஞ்சு, தள்ளிவிடுவார். எண்ணெயில் பெரும்பங்கு அந்த மணியில்தான் இருக்கிறது. தோலில் இருப்பது பெரும்பாலும் நார். தைலமரத்து எண்ணெயில் மூக்கைத் திறக்கிற சினியோல்தான் ஏலமணியிலும் இருப்பது. அப்பத்தாவின் கிட்டங்கி வைத்தியத்துக்கு வேதியியல் பிற்பாடு கொடுத்த விளக்கம்.

மிளகு, திப்பிலி, சுக்கு எல்லாவற்றையும் தனித்தனியே இடிப்பார். சேர்த்து இடித்தால் சுக்கின் நார் மற்றதை விழுங்கிவிடும். அப்புறம் வஸ்திரகாயம்: வெள்ளைத் துணியைப் பாத்திர வாயில் இறுக்கிக் கட்டி, பொடியைக் கொட்டி, விரலால் தேய்த்துத் தேய்த்து இறக்குவது. சல்லடையில் சலித்தது தொண்டையில் உறுத்தும். துணியில் சலித்தது நாக்கில் கரையும். ஏலமணியைக் கடைசியில்தான் இடிப்பார், அதுவும் வாசல்கதவைச் சாத்திவிட்டு. இடித்த நிமிஷத்திலிருந்து வாசம் பறக்க ஆரம்பிக்கும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனால் மருந்து மொட்டை. மாதக்கணக்கில் கடையில் கிடக்கும் ஏலப்பொடிப் பாக்கெட்டை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கும்.

அளவு திரிகடி. மூன்று விரல் நுனி சேர்த்து எடுக்கிற அளவு. தேனில் குழைத்து நாக்கில் தடவுவது. சாப்பிட்டது செரிக்காமல் நெஞ்சைக் கரித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, வாய் கசந்து சோறு இறங்காதவர்களுக்கு, மழைக்காலத்துச் சளிக்கு. இன்று சித்த மருந்துக் கடைகளில் ஏலாதி சூரணம் என்று விற்பதில் கூகைநீறும் சர்க்கரையும் சேர்ந்த வேறு கணக்கு இருக்கிறது. அதுவும் பழைய ஏட்டுக் கணக்குதான், சங்கதி வேறு.

வீட்டு வைத்தியத்துக்கு இத்தனை கெடுபிடி இல்லை. விக்கல் நிற்கவில்லை என்றால் இரண்டு ஏலக்காயைத் தட்டி, நாலு புதினா இலையோடு கொதிக்கவைத்து வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுப்பாள் அம்மா. மசக்கைக்காரப் பெண் எதையும் உள்ளே வைக்க முடியாமல் தவித்தால் வறுத்த ஏலரிசிப் பொடி ஒரு சிட்டிகை, தேனில். உரித்த தோலைத் தூரப்போடமாட்டாள். தேயிலை டப்பாவுக்குள் போட்டு மூடிவைப்பாள். நாலு நாளில் டீத்தூளுக்கே வாசம் ஏறிவிடும். எங்கள் வீட்டு டீ குடித்த யாரும் ஏலக்காய் போட்டிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். காய் போடவில்லை, தோல்தான்.

இவ்வளவுதான் ஏலத்தின் எல்லை. செல்போனில் வருகிற மாதிரி சர்க்கரை வியாதி, மாரடைப்பு, கிட்னிக் கல் எல்லாவற்றையும் அது தீர்ப்பதாக எங்கள் கடையில் யாரும் எப்போதும் சொன்னதில்லை. அப்படிக் கேட்டு வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். ஒரு வியாபாரம் போகும், போகட்டும்.

தகர டப்பாவுக்குக் கெட்ட காலம் வந்தது என் காலத்தில்தான். இடுக்கி விவசாயி ஒருவர் தன் தோட்டத்தில் கண்டு தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் மலை முழுக்கப் பரவியது. காய் பெரிசு, விளைச்சல் பலமடங்கு. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை; எத்தனையோ குடும்பம் அதில் நிமிர்ந்தது. கடல் தாண்டிக் குவாத்தமாலா உலகத்திலேயே அதிகம் விளைவித்து, அரபு நாட்டுக் காப்பிக் குவளைகளைப் பிடித்துக்கொண்டபோது, இந்த ரகம் இல்லாவிட்டால் இங்கே பாதித் தோட்டம் படுத்திருக்கும். ஆனால் நிழலைக் குறைத்து, உரம் கூட்டி வளர்க்கிற செடிக்குப் பூச்சியும் கூடியது. தண்டைத் துளைக்கிற புழு ஒன்று. இன்னொன்று இலைப்பேன், அது பிஞ்சுத் தோலைச் சுரண்டினால் காய் சொறியாகிவிடும். சொறி விழுந்த காய் என்னவாகும் என்பது அப்பத்தாவின் குவியலிலேயே தெரிந்ததுதான். ஆக, தோலைக் காப்பாற்ற மருந்து. இருபது நாளுக்கொரு தரம், முப்பது நாளுக்கொரு தரம் மருந்து.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மலை சரிந்தது. அடுத்த வருஷம் மழை பின்தங்கியது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. எங்கள் கடைக்கு வந்து எண்ணிக்கையில் கேட்டார்கள்: அஞ்சு காய் குடுங்க, மூணு காய் குடுங்க. வெடிப்புக்குக்கூட விலை வந்துவிட்டது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகப் பரிசோதனை சொல்லி, கேரள உயர் நீதிமன்றம் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்களின் விற்பனையை நிறுத்தியது. 2024-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, அதற்குள் டின்கள் பழசாகிவிட்டன. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் விற்பனையை நிறுத்திய அந்த வாரம் கண்ணாடி டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பச்சை பச்சையாகத்தான் இருந்தது.

இப்போது தகர டப்பாவுக்குக் காய் தேடி நானே மலையேறுகிறேன். மரத்தடி நிழலில் பழைய நாட்டுச்செடி நூறு தூர் வைத்திருக்கிற ஒருவரிடம் வாங்குகிறேன். அவர் எதுவும் அடிப்பதில்லை என்கிறார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீசுகிற காற்றுக்கு அவர் பொறுப்பேற்க முடியாது.

போன ஐப்பசியில், கடை சாத்துகிற நேரம். மேலே வேலைக்குப் போய்விட்டு ஜீப்பில் இறங்கிய ஒருவர் வந்தார். பொம்பளைப்பிள்ளைக்கு ரெண்டு நாளாக வாந்தி, டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, மாத்திரை கொடுத்திருக்கிறார், இருந்தாலும் தன் ஆத்தா ஏலரிசியைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறார் என்றார். கை தன்னையறியாமல் கண்ணாடி டப்பாவுக்குப் போனது. மழையும் இருட்டுமாக இருந்தது, பின்னால் போக அலுப்பு.

"அது வேண்டாண்ணே. உள்ள இருக்குமே, அதுல குடுங்க."

"ஏம்ப்பா, இது நல்ல காயிதானே?"

"நல்ல காயிதான். அதுக்கு மருந்தடிக்கிறதே நாந்தான்."

தகர டப்பாவிலிருந்து பத்து கிராம் நிறுத்தேன். "பிள்ளைக்கு நல்லா உரிச்சுட்டுத்தானே குடுக்கணும்?" என்று கேட்டு, கல்லா மேல் விரித்திருந்த பேப்பரிலேயே ஒவ்வொன்றாக உரித்தார். மணியை மட்டும் பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பேப்பரில் கிடந்த தோலைக் கூட்டி அள்ளி, பழக்கத்தில் தேயிலை டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டேன். பிறகு மூடிவிட்டு, தோலைத் தெருவில் ஓடுகிற மழைத்தண்ணீரில் உதறினேன்.